முதல் தட்டு யாருக்கு?

நான் எடுத்த புகைப்படங்களில் ஒன்றே ஒன்றுதான் ஊர் முழுக்கப் பரவியது. பார்த்தவர்களில் பாதிப் பேர் அதை மலைப்பாதையில் மண் சரிந்த படம் என்று நினைத்து, எந்த வளைவில் என்று விசாரித்தார்கள். மீதிப் பேர் ஒன்றும் கேட்காமல் அடுத்தவருக்கு அனுப்பினார்கள்.

அது மட்டன் பிரியாணி.

யூசுப் பாய் கடையின் மட்டன் பிரியாணி என்று சொன்னால்தான் என் குற்றத்தின் முழு அளவு விளங்கும். கொடைக்கானல் பஜாரில், காய்கறி மார்க்கெட்டுக்கு இறங்குகிற சந்தில், நாலு மேசை போட்ட கடை. பாய் சமைப்பார். அவர் மனைவி மும்தாஜ் பரிமாறுவார், கல்லாவையும் பார்த்துக்கொள்வார். பதினைந்து வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் அங்கே சாப்பிட்டு வளர்ந்த உடம்பு இது. என் தொப்பையில் பாதி அவர்களுடையது.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதன் கீழே உட்கார்ந்து, பிடி உடைந்த குடையை மேசை ஓரம் வைத்துவிட்டு, இரண்டாவது தட்டு வாங்கியபோது எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நெகிழ்ந்த நெஞ்சோடு போனைத் தொடக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. படம் எடுத்தேன். கடைக்கு வழிகாட்டும் மேப்பில் ஏற்றினேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். கூடவே முப்பது வரி விமர்சனம், அதில் சங்க காலத்து ஊன்சோறு பற்றி ஒரு பத்தி. சொந்தப் பெயரைப் போடாமல் ‘மலைவாசி’ என்று போட்டுக்கொண்டேன். அப்போது அதைத் தன்னடக்கம் என்று நினைத்தேன். பிற்பாடு அதுதான் மானத்தைக் காத்தது.

விமர்சனத்தை ஒருவரும் படிக்கவில்லை. படத்தை எல்லோரும் பார்த்தார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு குவியல். அதிலிருந்து எலும்பு ஒன்று சாய்ந்த மின்கம்பம்போல் நீட்டிக்கொண்டிருந்தது. ஓரமாகக் கொஞ்சம் வெங்காயப் பச்சடி, அடித்துக்கொண்டு வந்த மழைத்தண்ணீர் மாதிரி.

இரண்டு மாதம் கழித்து மும்தாஜ் ஒரு விஷயம் சொன்னார். வெளியூர்க் குடும்பங்கள் சந்து முனை வரைக்கும் வருகிறார்களாம். போனைப் பார்க்கிறார்கள், கடைப் பலகையைப் பார்க்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள். எந்தப் பாவியோ மேப்பில் ஒரு படத்தைப் போட்டு வைத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி வைத்தார்.

அந்தக் கரண்டியை நான் சாப்பிட்ட விதத்தை இங்கே எழுத விரும்பவில்லை.

வீட்டுக்குப் போனதும் படத்தை அழித்தேன். பிரயோஜனமில்லை. அதற்குள் யார் யாரோ அதை எடுத்து, ‘பயணிகள் கவனத்துக்கு’ என்று எழுதி, திரும்பத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். என் எழுத்து எதற்கும் கிடைக்காத மறுபதிப்பு அதற்குக் கிடைத்தது.

குதிரை நன்றாக வந்திருந்தது

இந்த இடத்தில் என் கலை வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுருக்கமாகத்தான் சொல்ல முடியும்.

கல்யாணமான புதிதில் இந்த ஊர் ஏரிக்கரையில் என் மனைவியைக் குதிரைமேல் உட்கார வைத்துப் படம் எடுத்தேன். மதுரைக்குப் போய்க் கழுவிப் பார்த்தால் குதிரை முழுசாக இருந்தது. மனைவி கழுத்து வரைக்கும் இருந்தார். அவர் அதை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, குதிரை நன்றாக வந்திருக்கிறது என்றார்.  எங்கள் இல்லறத்தின் இலக்கணம் அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது.

பிறகு ஊரை ஒட்டிய அட்டுவம்பட்டியில் குடியேறி, ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிற வீட்டில், எல்லாரையும்போல நானும் மேகத்தை எடுத்தேன். இந்த ஊரில் மேகத்தைப் படம் எடுக்காதவன் இல்லை. தூண் பாறைக்கு வருகிறவர்கள் வெள்ளைச் சுவரைப்போல ஒன்றை எடுத்துக்கொண்டுபோய், இதற்குள்ளேதான் பாறை இருக்கிறது என்று ஊரில் காட்டுவார்கள். அந்த வகையில் என் படங்களும் சோடையில்லை.

ஒளியைப் பற்றிக் கனமான புத்தகங்கள் மூன்று வாங்கிப் படித்ததும் உண்டு. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பது வரை எனக்குத் தெளிவு.

மூன்று வாரம்

கோடைச் சீசனுக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் பாய் அதைச் சொன்னார். பழனி பஜாரில் அவருடைய அண்ணனுக்குப் பெரிய ஓட்டல். வந்துவிடு, வந்துவிடு என்று அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இந்தச் சீசனும் தலை தூக்கவில்லை என்றால் கடையைக் காலி செய்துவிட்டுக் கீழே இறங்கிவிட வேண்டியதுதான் என்றார்.

போனால் என்ன, அண்ணன்தானே என்று ஆறுதலாகச் சொன்னேன்.

“அண்ணன்தான். தங்கமான மனுசன். ஆனா சோத்துல கலர்ப்பொடி போடுவாரு அண்ணே. போடச் சொல்வாரு. அவரு அடுப்புல நின்னுக்கிட்டு நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா?”

அவர் அதைப் புகாராகச் சொல்லவில்லை. இடுப்பு வலியைச் சொல்கிற குரலில் சொன்னார்.  மண்சரிவில் மாட்டிக்கொண்டது அவர்; சரித்தது நான்.

அன்று சாயங்காலமே ரேவதிக்குப் போன் செய்தேன்.

ரேவதி என் மனைவியின் அக்கா மகள். மதுரையில் சாப்பாட்டைப் படம் எடுப்பதே அவளுக்கு வேலை. ஓட்டல்காரர்கள், மசாலாப்பொடிக்காரர்கள், எண்ணெய்க்காரர்கள் எல்லாரும் அவளைத் தேடி வருவார்கள். சாப்பாட்டைப் படம் எடுத்து ஒரு பெண் பிழைக்க முடியுமா என்று அவள் கல்யாணத்தின்போது நான் மேடையிலேயே நகைச்சுவையாகக் கேட்டிருந்தேன். அதை அவள் மறக்கவில்லை. என்றாலும் வருகிறேன் என்றாள். ஒரே ஒரு நிபந்தனைதான். பழைய படத்தை அனுப்பச் சொன்னாள்.

அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டாள்.

“சித்தப்பா, நீலத் தார்ப்பாய்க்கு அடியில வச்சுச் சோத்தை எடுத்தா அது பொணக் கலர்லதான் வரும். யாரு சித்தப்பா இந்த அறிவாளி?”

யாரோ ஒரு மலைவாசி என்றேன்.

சோப்பு நுரை

ரேவதி வந்திறங்கிய மறுநாள் வெள்ளனே ஏழு மணிக்கெல்லாம் கடைக்குப் போய்விட்டோம். அன்று நான் உதவியாளன். வெளிச்சத்தைத் தட்டின்மேல் திருப்பிவிடுகிற வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் பதவி. அப்படியே தொழிலையும் கற்றுக்கொண்டுவிடுவது என் ரகசியத் திட்டம்.

சாப்பாட்டுப் படம் எடுப்பவரின் பையில் காமிராவும் லென்சும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தன, அடியில். மேலே இருந்தவை: புருவம் திருத்தும் இடுக்கி, பெயின்ட் பிரஷ், பஞ்சு, பல்குச்சி, கொண்டை ஊசி, கிளிசரின் பாட்டில், சலூனில் தண்ணீர் அடிக்கிற குப்பி. சமையல்கட்டுக்கும் சவரக்கடைக்கும் நடுவில் ஏதோ ஒரு தொழில்.

முதலில் பரோட்டா. நான்கு பரோட்டாவை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அட்டைப்பெட்டியைத் துண்டு துண்டாக வெட்டி வைத்தாள். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் மாளிகை. நான் பின்பக்கம் நின்றேன். அங்கே பல்குச்சியும் அட்டையும் முட்டுக் கொடுக்க, ஆய்வுக்கு வரும் அதிகாரிக்காக ஒரு பக்கம் மட்டும் வெள்ளையடித்த கட்டடம்போல் நின்றது. காமிராவுக்கு ஒரு கண்தான், அது பார்க்கிற பக்கம் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்றாள். இப்படிப் பல மனிதர்களை எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அட்டையைத் தூக்குங்க சித்தப்பா என்றாள்.

அடுத்தது தேநீர். மும்தாஜ் ஆற்றிக் கொடுத்த டீயில் நுரை அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. ரேவதி ஒரு கிண்ணத்தில் பாத்திரம் துலக்கும் சோப்பைக் கலக்கி, கரண்டியால் அடித்து, குமிழிகளை ஒவ்வொன்றாக எடுத்து டீயின் ஓரத்தில் ஒட்டவைத்தாள். நகைக்கடையில் கல் பதிப்பவர்கூட அவ்வளவு பொறுமையாக வேலை செய்யமாட்டார். படம் அற்புதமாக வந்தது. பார்த்தபோதே எனக்கு டீ குடிக்கத் தோன்றியது. படம் முடிந்த அசதியில், அந்த டீயையே எடுத்துக் குடித்தும்விட்டேன்.

மும்தாஜ் என் முகத்தைக் கவனித்தார்.

“துப்பாதீங்க அண்ணே. உள்ளயும் கொஞ்சம் சுத்தமாகட்டும்.”

எல்லாரும் சிரித்தோம். பாய் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கிளாசின் அடியில் ஒட்டியிருந்த சோப்பு நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உறைந்த கொழுப்பு

மூன்றாவதாக மட்டன் சுக்கா. அதில்தான் மதுரைப் பாடம் மலைமேல் செல்லாது என்று தெரிந்தது.

ரேவதிக்கு ஒரு தட்டைச் சரிசெய்ய முக்கால் மணி நேரம் வேண்டும். கறித்துண்டுகளை இடுக்கியால் திருப்பி, கறிவேப்பிலையைக் குளிப்பாட்டி, மிளகாய்க்குத் தலைவாரி விடுவதற்குள் மதுரையில் ஒன்றும் ஆகாது. இங்கே அடுப்பிலிருந்து இறக்கிய சுக்கா ஐந்து நிமிடத்தில் வெளிற ஆரம்பித்தது. ஆட்டுக் கொழுப்பு உறைந்து, கறிமேல் மெழுகு வடிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் படர்ந்தது. சூடாக்கிக் கொண்டுவந்தோம். மறுபடி உறைந்தது. மூன்றாம் முறை சூடாக்கியதும் கறி கரியாகிவிட்டது.

கொடைக்கானலில் சாப்பிட உட்கார்ந்தால் யாரும் பேசாமல் வேகவேகமாகச் சாப்பிடுவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். காரணம் மரியாதை என்று நினைத்திருந்தேன். கொழுப்பு.

ரேவதி யோசித்துவிட்டு பாயிடம் போனாள். பிரியாணிக்கு மட்டும் வேறு வழி செய்துவிடலாம் என்றாள். கறியை முக்கால் வேக்காட்டில் எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் சுருங்காமல் கொழுகொழுவென்று இருக்கும். நெய்யே வேண்டாம். கடைசியில் அவள் பிரஷ்ஷால் எண்ணெய் தடவிக்கொள்வாள். தட்டுக்கு நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் சோற்றைப் போர்த்தினால் குவியலாகத் தெரியும். பின்னால் பஞ்சை வெந்நீரில் நனைத்து வைத்தால் ஆவிக்கும் ஆச்சு.

பாய் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

“படத்தைப் பாத்துட்டு வர்றவன் என்னம்மா கேப்பான்?”

“பிரியாணி கேப்பான் பாய்.”

“இல்லம்மா. போனை நீட்டி, இது வேணும்பான். இதையே கேப்பான். அப்ப நான் வேகாத கறியையும் பஞ்சையும் கிண்ணத்துக்கு மேல வச்சுக் கொடுக்கணும்ல?”

எல்லாரும் இப்படித்தான் எடுக்கிறார்கள் என்றாள் ரேவதி. எல்லாரும் கலர்ப்பொடியும்தான் போடுகிறார்கள் என்றார் பாய். உடனே சமையல்கட்டுக்குள் போய், அடுப்பில் பானையை ஏற்றிவிட்டார். பானை வைத்த சத்தத்திலேயே மீதிப் பேச்சு இருந்தது.

ரேவதி வாசலில் வந்து நின்றாள். கோபமாக இருப்பாள் என்று அட்டையோடு கொஞ்சம் தள்ளியே நின்றேன். ஆனால் அவள் தாழ்ந்த குரலில் வேறொன்று சொன்னாள். மதுரையில் ஒரு கடைக்கு இப்படித்தான் அழகாக எடுத்துக் கொடுத்தாளாம். ஒரு வாரத்தில் ஒரு குடும்பம் அந்தப் படத்தைக் காட்டி, இது வேறு, நீங்கள் கொடுத்தது வேறு என்று சண்டைக்கு வந்திருக்கிறது. முதலாளி இவளைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார்.

“பாய் சொல்றது சரிதான் சித்தப்பா. சரியாச் சொல்றவங்களுக்கு எப்படிப் படம் எடுக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியல.”

சிலையாக நின்ற பாய்

சமாதானத் தூதுவனாக நான் சமையல்கட்டுக்குள் போனேன்.

தூதுவன் வெறுங்கையோடு போகக் கூடாது. நான் போனை எடுத்துக்கொண்டு போனேன். காலையிலிருந்து கற்ற வித்தைக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. பாய் சமைப்பதை நாலு படம் எடுத்தால் அவருக்கும் மனம் ஆறும், எனக்கும் பயிற்சி ஆகும்.

கறி போட்ட உலை கொதித்துக்கொண்டிருந்தது. பாய்க்குக் கரண்டிக் கணக்குக் கிடையாது. உப்பு ஜாடிக்குள் கையை விட்டு இரண்டு பிடி, அவ்வளவுதான். ஒரு பிடி விழுந்தது. இரண்டாவது பிடியோடு கை பானைக்கு மேலே வந்தபோது, பின்வாசல் வெளிச்சம் அந்தக் கைமேல் விழுந்தது. கீழே ஆவி. மேலே கை. மூன்று கனமான புத்தகங்களும் ஒரே நேரத்தில் எனக்குப் புரிந்தன.

“பாய், அப்படியே நில்லுங்க.”

எவ்வளவு கோபத்தில் இருக்கிற மனிதரும் போட்டோ என்றால் நிற்பார். பாய் இடது கையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வலது கையை உயர்த்தியபடி, ஏதோ சத்தியம் செய்பவரைப்போல நின்றார். நான் இந்தப் பக்கம் குனிந்தேன், அந்தப் பக்கம் குனிந்தேன். மூன்று படம் எடுத்தேன். மூன்றிலும் அவர் மூக்கு துல்லியமாக விழுந்தது.

அதற்குள் வாசலிலிருந்து ரேவதி கூப்பிட்டாள். பாய் கையிலிருந்ததை ஜாடியிலேயே உதறிவிட்டு வெளியே வந்தார்.

ரேவதி இறங்கி வந்திருந்தாள். சரி பாய், நிஜப் பிரியாணியையே எடுக்கிறேன், முழுசா வேகட்டும், நெய்யும் ஊத்துங்க, ஆனால் தம் திறந்ததும் முதல் தட்டு எனக்கு வேண்டும் என்றாள். மேலடுக்கு கலையாமல் ஒரே அள்ளலாக எடுத்தால்தான் சீரகச் சம்பா உடையாமல் பூவாக இருக்கும். கரண்டி இரண்டாம் தடவை போனால் எல்லாம் கலந்துவிடும்.

பாயின் முகம் மறுபடி மாறியது. முதல் தட்டு மட்டும் முடியாது என்றார்.

இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன். அந்தக் கடையில் பானை திறந்ததும் முதல் தட்டு வியாபாரத்துக்குப் போகாது. சந்தில் யார் பசியோடு நிற்கிறாரோ அவருக்கு. மூட்டை இறக்குகிறவர், வேன் டிரைவர், யாரோ ஒருவர். காசு கிடையாது. நானே எத்தனையோ நாள் பசித்த முகத்தோடு நின்று பார்த்திருக்கிறேன். என் உடம்பைப் பார்த்து யாரும் நம்பவில்லை.

“எடுத்துட்டு அவருக்கே கொடுத்துடலாமே பாய்” என்றாள் ரேவதி.

“முக்கா மணி நேரம் கழிச்சு, ஆறிப்போயி, எண்ணெய் தடவியா? மொதத் தட்டு சுடச்சுட வாயிக்குப் போகணும்மா. பாக்குறதுக்கு இல்ல அது.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ரேவதிதான் சொன்னாள்.

“சரி. அவரு சாப்பிடட்டும். சாப்பிடறதையே எடுக்கிறேன். வெரசா எடுத்துடுவேன்.”

பாய் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். உலை தளதளவென்று காத்திருந்தது. அரிசியைக் கொட்டி, கொஞ்ச நேரத்தில் மூடிபோட்டு, மூடிமேல் தணலை வாரி வைத்தார். இனி பானை திறக்கும்வரை அது அல்லாவுக்கும் ஆட்டுக்கறிக்கும் நடுவில் உள்ள விஷயம் என்று அவர் சொல்வது வழக்கம். அன்று அதைக்கூடச் சொல்லவில்லை.

கூக்கால் பஸ்

பதினோரு மணிக்கு வெள்ளைச்சாமி வந்தார்.

மேல்மலையில் கூக்கால் கிராமத்தில் பூண்டு போடுகிறவர். விடிகாலைப் பஸ்ஸில் மூட்டையோடு வந்து, மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, மதியப் பஸ்ஸைப் பிடிப்பார். அதை விட்டால் சாயங்காலம்வரை ஏரியைச் சுற்ற வேண்டியதுதான். விடிகாலையில் ஒரு டீ குடித்ததோடு சரி. அன்றைய முதல் தட்டு அவருக்கு என்று கடவுளே எழுதி அனுப்பிய முகம்.

ரேவதி இதற்குள் கடை முழுக்க நடந்து பார்த்து, சமையல்கட்டின் பின்வாசலைப் பிடித்திருந்தாள். வெளியே பள்ளத்தாக்கு தெரியாமல் மேகம் அடைத்துக்கொண்டு நின்றது. இந்த மாதிரி வெளிச்சத்துக்காக மதுரையில் நான் ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளைத்துணி கட்டிக்கொண்டு கெடக்கிறேன் சித்தப்பா, இங்கே சும்மா கெடக்கு என்றாள். பின்வாசல் ஓரம் ஒரு ஸ்டூல், அதற்குப் பின்னால் கரி பிடித்த சுவர். எங்கள் எல்லாருக்கும் அசிங்கமாகத் தெரிந்த அந்தச் சுவரைத்தான் அவள் ஆசையாகப் பார்த்தாள். ஆவி வெள்ளை, சுவர் கறுப்பு. இவ்வளவுதான் சூட்சுமம். பஞ்சு எதற்கு?

காலித் தட்டை வைத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே சரி செய்துகொண்டாள். தட்டில் சோற்றுக்குப் பதிலாக வெள்ளைச்சாமியின் பூண்டையே குவித்து அளவு பார்த்தாள். அவரை உட்கார வைத்து, சோறு வந்ததும் நான் சொல்லும்வரை ஒரு நிமிடம் கை வைக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டாள்.

“தட்டை முன்னால வச்சுட்டு ஒக்காந்திருக்கச் சொன்னா எப்படித்தா? எனக்கு பஸ்ஸு இருக்கு. பசியும் இருக்கு.”

ரேவதி காமிராவைக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

பாய் மூடியைத் தள்ளினார். ஆவி கூரையைத் தொட்டு வளைந்தது. ஒரே அள்ளல். தட்டு வந்து விழுந்தது. இனி நடந்தது எல்லாவற்றுக்கும் ஆன நேரம் நான் இதை எழுதுகிற நேரத்தைவிடக் குறைவு. வெள்ளைச்சாமியின் கை சோற்றுக்குள் இறங்கியது. நகக்கண்ணில் செம்மண், விரல் வெடிப்பில் பூண்டுத்தோல். சோறு விண்டு உள்ளிருந்து இன்னொரு ஆவி கிளம்பியது. கறித்துண்டு ஒன்று எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது. நெய் உறைய நேரமில்லை. இடுக்கி பையிலேயே கிடந்தது.

நான் அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ரேவதி என்னைத் திட்டவில்லை. என்னையே அவள் மறந்திருந்தாள்.

வெள்ளைச்சாமி நாலாவது கவளத்தில் ஒரு தரம் நிறுத்தி, தட்டைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்னவோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் மீதியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

ரேவதி காமிராவைத் திருப்பிக் காட்டினாள். பாய் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். மும்தாஜ் அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். 

“இது நம்ம சோறுதான்” என்றார் பாய்.

மலைவாசியின் வாக்குமூலம்

சோப்பு நுரை டீயையும் அட்டைப்பெட்டிப் பரோட்டாவையும் ரேவதியே அழித்துவிட்டாள். அந்த ஒரு படம் மட்டும் மேப்பில் ஏறியது. பெரிதாக அச்சடித்துக் கடைச் சுவரிலும் மாட்டினோம். என் மண்சரிவு கீழே, கீழே போய், யாராவது விரல் வலிக்கத் தள்ளிப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஆழத்தில் புதைந்தது.

சீசன் தொடங்கிய இரண்டாவது வாரம் சந்து முனையில் ஒரு வேன் நின்றது. ஒரு பெரிய குடும்பம் இறங்கியது. போனைப் பார்த்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், உள்ளே வந்துவிட்டார்கள். அன்று எனக்கு உட்கார இடமில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டேன், அவ்வளவு ருசி. அதற்குப் பத்து நாள் கழித்துப் பாய் பழனிக்குப் போன் போட்டு, இந்த வருடம் வரவில்லை என்று அண்ணனிடம் சொன்னார். சத்தமாகப் பேசினார். சந்து முழுக்கக் கேட்டது.

நல்ல காலம் வந்தால் எனக்கு மனசாட்சி உறுத்தும். ஒரு மத்தியானம், கூட்டம் கலைந்த பிறகு, பாயிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த மலைவாசி நான்தான். முதல் படம் என்னுடையது.

பாய் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“தெரியும் அண்ணே. அந்தப் படத்து ஓரத்துல உங்க பிடி ஒடஞ்ச குடை கெடக்கு. அன்னைக்கே மும்தாஜ் காட்டுனா.”

பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ஆசையாக எடுத்தீர்கள், அதை எப்படிச் சொல்வது என்றார். எனக்குத் தெரிந்த விமர்சகர்கள் யாருக்கும் இந்தக் குணம் கிடையாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மும்தாஜை நன்றியோடு ஒரு முறை பார்த்தேன், கண்ணீருக்கான பழியை அவர் வெங்காயத்தின்மேல் போட வசதியாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் வெள்ளைச்சாமி உள்ளே வந்தார். பூண்டு அறுவடை, அதனால் படம் எடுத்த நாளுக்குப் பிறகு அவர் பஜார் பக்கம் வரவே இல்லை. சுவரில் தன் கை ஆளுயரத்துக்குத் தொங்குவதை முதல் முறையாகப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எப்படி இருக்கிறது என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவர் படத்தின் அருகில் போனார். தள்ளி வந்தார். மறுபடி அருகில் போனார்.

“கை நல்லா வந்திருக்கு” என்றார். “அன்னைக்கு உப்புதான் பாதிக்குப் பாதி கம்மி.”

பாயின் வலது கை தானாக உயர்ந்தது. எதையோ பிடித்திருப்பதுபோல விரல்களை மடக்கி, காற்றில் அப்படியே ஒரு நொடி நிறுத்தினார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று வெள்ளைச்சாமியிடம் கேட்டேன். 

“சொல்லத்தான் வாயெடுத்தேன் சார். நிமிந்து பாத்தா நீங்க ஒரு அட்டையைத் தூக்கிக்கிட்டு என் தட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. பாவம், எம்புட்டுப் பசியோ, இவருக்கு முன்னால சோத்தைக் குறை சொல்லக் கூடாதுன்னு விட்டுட்டேன்.”